ஒன்பது வினாடி இல்லை

அவர் வாயிலிருந்து 'சுமாரா' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. வண்ணார்பேட்டையில் பஸ்கள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். 'கண்ணு கொஞ்சம் மங்கலா தெரியுது அண்ணாச்சி' என்று யாராவது வந்து நின்றால், 'கொஞ்சம்னா எவ்வளவு?' என்று கேட்பார். கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். எதிரே ஓட்டல் போர்டு தெரிகிறதா, அதற்குக் கீழே விலைப்பட்டியல் தெரிகிறதா, அதில் மூன்றாவது வரி தெரிகிறதா என்று படிப்படியாக இறங்குவார். கடைசி வரிவரை வாசித்துக் காட்டியவரிடம், உமக்குக் கண்ணாடி வேண்டாம், நன்றாகத் தூங்கும், போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும். கண்ணாடி போட்டால் ஒரு கெத்து என்று ஆசைப்பட்டு வந்திருப்பார், பாவம்.

நான் அதற்கு நேர் எதிரான ஆள். உரக் கம்பெனியில் விற்பனை வேலை எனக்கு. வயல் வயலாகப் போய் வரப்பில் நின்று யோசனை சொல்ல வேண்டும். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை ஒப்பேற்றுவேன். இந்த வேலையில் இருபது வருஷம் ஒருவன் தாக்குப்பிடித்தான் என்றால் எப்படிப்பட்டவன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கடைக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது, நாலு வருஷம் அவரிடம் கண்ணாடி வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஒரு பழைய கம்ப்யூட்டர். அதோடு சேர்த்து வரிசையாக மூன்று சிடி டிரைவ், மூன்றும் மூன்று கம்பெனி. பக்கத்தில் லென்ஸுக்கு மெருகேற்றும் சின்னச் சக்கரம். அங்கே உட்கார்ந்து ஊராரின் சிடிக்களில் இருக்கும் பாட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போனில் பாட்டு கேட்பவர்கள் அவரிடம் வருவதில்லை. பாட்டுக்கென்றே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பிளேயர் வருகிறதே, அதை வாங்கி வைத்திருப்பவர்கள்தான் வருவார்கள். வீட்டில் கிடக்கும் சிடிக்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு குறையும் இல்லாமல் இதற்குள் ஏற்றித் தர வேண்டும் என்பார்கள். ஃபிளாக் என்று ஒரு வகையாக மாற்றித் தருவார். எம்பி3 போதாதா அண்ணாச்சி, எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருநாள் சீண்டினேன். எம்பி3 என்பது நமக்குக் கேட்காது என்று அதுவாகவே முடிவு செய்து சிலதைத் தூக்கிப் போட்டுவிடுமாம். இது தூக்கிப் போடாது, மடித்து மட்டும் வைக்குமாம்.

"எட்டு முழ வேட்டியை மடிச்சு வச்சா நாலு முழம் ஆயிருமா வே? விரிச்சா அதே எட்டு முழம்தானே" என்றார்.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் நமக்குப் பொறுமை போய்விடும். சிடியைத் துடைப்பதற்கே ஒரு முறை வைத்திருந்தார். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக மட்டும் துணியை இழுக்க வேண்டும். நம் ஆட்கள் வேட்டி நுனியால் வட்டமாகத் தேய்ப்பதைப் பார்த்தால் அவர் முகம் சுருங்கும். குறுக்கே விழுந்த கீறல் அங்கங்கே கொஞ்சம்தான் வெட்டும், வட்டமாக விழுந்த கீறல் ஒரு பாட்டையே கொண்டுபோய்விடும் என்பார். பிறகு டிரைவில் போடுவார். அது ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவை படிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த இடம். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று மறுபடி மறுபடி படிக்கும். டிரைவ் முனகிக்கொண்டு கிடக்கையில், 'பைய, பைய' என்று மாட்டிடம் சொல்வதுபோல அதனிடம் சொல்வார். முடிந்த பிறகு, இதே சிடியை உலகத்தில் வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா, அவர்களுக்கும் இதே கணக்கு வந்ததா என்று இன்டர்நெட்டில் ஒத்துப் பார்ப்பார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் கணக்கு சரியாக வந்துவிட்டால் அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடிப்பார்.

பாட்டு எப்படி இருக்கிறது அண்ணாச்சி என்று கேட்டால், "பாட்டை நான் எங்கன கேட்டேன்? சிடியைல்லா கேட்டேன்" என்பார்.

ஒரு மைக்செட்காரர் தன் சிடிக்களைக் கொண்டுவந்ததை மறக்க முடியாது. ஆயுத பூஜைக்கு ஆம்ப்ளிஃபையர், குழாய் ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், சிடிக்களை மட்டும் விட்டுவிடுவானேன் என்று ஒவ்வொன்றுக்கும் வைத்திருந்தார். அதுவும் பளபள என்று கண்ணாடி மாதிரி இருக்கும் பக்கத்தில். இரண்டு வருஷப் பூஜை. போன வருஷப் பொட்டின் மேல் இந்த வருஷப் பொட்டு காய்ந்து ஓடாகியிருந்தது. நானாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இவர் சிரிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஒவ்வொரு பொட்டாகப் பஞ்சால் ஊறவைத்து எடுத்தார். ஒரு வாரம் ஆனது. திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த வருஷம் டப்பாவுக்கு வையுங்கள், சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு தடவை ஒரு நாதஸ்வரக் கச்சேரி சிடி. முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், பிளேயரில் சாதாரணமாகப் போட்டால் கேட்காத இடத்தில், நாற்பது வினாடி ஒளிந்துகிடந்தது. அதில் வித்வான் சீவாளியை ஊதிப் பார்க்கிறார், பிறகு காப்பியில் சீனி கம்மி என்று யாரையோ குறை சொல்கிறார். பதிவு செய்தவர்கள் வெட்ட மறந்திருக்க வேண்டும். அதையும் எடுத்து, முதல் பாட்டுக்கு முன்னால் தனியாக வைத்துக் கொடுத்தார். சிடியின் சொந்தக்காரருக்குக் கச்சேரியைவிட அந்தச் சீனிதான் ரொம்பப் பிடித்துப்போனது.

எந்த வேலையைக் கொடுத்தாலும் கூடவே ஒரு சீட்டு தருவார். மெமரி கார்டுக்குள்ளும் அதையே எழுதிப் போட்டுவைப்பார். ஐந்தாவது பாட்டு, மூன்று நிமிடம் பன்னிரண்டாவது வினாடி, அரை வினாடி சந்தேகம் என்று இருக்கும். பெரும்பாலும் யாரும் வாசிக்க மாட்டார்கள். நான் பார்க்க ஒருவர் அதில் வடையின் எண்ணெயைத் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்தவருக்குச் சீட்டு எழுதினார் இவர்.

இப்போது அந்தக் கடை அங்கே இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது முன்பாதி போய்விட்டது. அவரும் வீட்டம்மாவும் அம்பாசமுத்திரம் பக்கம் போய்விட்டார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். காரணம் என் தங்கச்சி.

அவள் என்னைவிட நாலு வயது இளையவள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். எங்கள் சபையில் என்னை யாருக்கும் தெரியாது, அவளுடைய அண்ணன் என்றால்தான் தெரியும். கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம், தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அவள் ஒருநாளும் செய்யவில்லை. பேச வாயெடுத்தால் காற்றுதான் முக்கால்வாசி வரும். அதைக் கேட்கப் பிடிக்காமல் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதும் நின்றது. வீட்டுக்குள் இருந்துகொண்டே எல்லாவற்றையும் போனில் எழுதி அனுப்புவாள்.

ஒருநாள் எனக்கு ஒரு செய்தி வந்தது. 'அந்தக் கிறிஸ்துமஸ் சிடி உன்கிட்டதானே இருக்கு? என் குரலை ஒரு தடவை கேக்கணும்.'

அவள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் பாடகர் குழு பதிவு செய்த சிடி அது. அதில் ஒரு பாட்டை அவள் தனியாகப் பாடியிருந்தாள். எங்களுக்குத் தெரிந்து மிச்சமிருந்தது அந்த ஒரு பிரதிதான். அதை நான் மயிலுக்குக் கொடுத்திருந்தேன்.

மச்சானுக்கு, அதாவது தங்கச்சி புருஷனுக்கு, ஸ்ரீவைகுண்டத்தில் வயல் உண்டு. கதிர் முற்றும் நேரம் மயிலும் கிளியும் இறங்கி வாரிக்கொண்டு போகின்றன என்று புலம்பினார். நான்தான் யோசனை சொல்கிற ஆளாயிற்றே. பழைய சிடிக்களை நூலில் கட்டித் தொங்கவிடும், வெயில் பட்டு மின்னினால் ஒன்றும் கிட்டே வராது என்று சொல்லி, எங்கள் வீட்டில் கிடந்ததில் ஒரு பை நிறைய நானே அள்ளிக் கொடுத்தேன். என்ன கொடுக்கிறோம் என்று பார்க்கவில்லை.

அன்றைக்கே ஸ்ரீவைகுண்டத்துக்கு ஓடினேன். அறுப்பு முடிந்த வயலில் கம்புகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு சிடியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். எழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. பம்ப்செட் ரூமின் தாழ்வாரத்தில், பாதி நிழலில் தொங்கிய ஒன்றில் மட்டும் தங்கச்சியின் கையெழுத்து மங்கலாகத் தெரிந்தது. அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேராக வண்ணார்பேட்டைக்கு வந்தேன்.

அவர் சிடியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எங்கே வைத்திருந்தீர் என்று கேட்டார். அலமாரியில் என்றேன்.

"அலமாரிக்குள்ள வெயில் அடிக்குமோ?"

அதற்கு மேல் என்னால் ஒப்பேற்ற முடியவில்லை. மயிலில் ஆரம்பித்து ஆபரேஷன்வரை சொல்லி முடித்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. எத்தனை நாள் தொங்கியது, மழை பெய்ததா, எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து இருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் இருப்பதுபோல எனக்கு வியர்த்தது.

பன்னிரண்டு நாள் ஆனது. தினமும் போன் செய்வேன். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் இடத்தை இன்னொன்று படிக்கிறது, அது தடுமாறும் இடத்தில் மூன்றாவது கைகொடுக்கிறது, சில இடங்களை எண்பது தடவைக்கு மேல் படிக்க வைத்தாயிற்று என்பார். எனக்குப் பாதி புரியாது. மற்ற சிடி என்றால் வேறு யாருடைய கணக்கோடாவது ஒத்துப் பார்ப்பீர்களே, இதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒத்துப் பாக்க ஆளில்ல வே. உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். அந்தக் குரலில் ஒரு பயம் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நான் தினமும் போன் செய்வதை நிறுத்தினேன்.

பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டுத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, ஹெட்போனை என் காதில் மாட்டினார். என் தங்கச்சி பாடினாள். இருபத்திரண்டு வயதுக் குரல். பின்னால் யாரோ பெஞ்சை நகர்த்துகிறார்கள், அதுகூடக் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. செத்த சிடி அது. வெயிலில் வெளிறி, சாயமெல்லாம் போய், மயில்கூட மதிக்காத ஒன்று. அதற்குள்ளிருந்து இவ்வளவையும் ஒரு மனுஷன் எடுத்து வைத்திருக்கிறாரே என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சரணம், பல்லவி. இரண்டாவது சரணம், பல்லவி. மூன்றாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லை. ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். பிறகு திடீரென்று பாட்டின் கடைசி வரி வந்து முடிந்தது.

"பதினோரு வினாடி. அங்கன ஒண்ணும் இல்ல" என்றார்.

பல்லவி மூன்று தடவையும் ஒன்றுதானே, முதல் பல்லவியை வெட்டி இங்கே ஒட்டிவிடலாமே என்றேன். ஒட்டலாம், ஒட்டினால் உம்மால் கண்டுபிடிக்க முடியாது என்றார். அப்படியானால் செய்யுங்கள் என்றேன்.

"செய்ய மாட்டேன். மூணாவது தடவை அவங்க எப்படிப் பாடுனாங்கன்னு எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது."

கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. சீட்டை வாங்கினால் அதில், சிடி வயலில் வெயிலில் தொங்கியது, பதினோரு வினாடி இல்லை என்று எழுதியிருந்தது. அந்த முதல் வரியையாவது எடுத்துவிடுங்கள், அவள் பார்த்துவிடுவாள் என்றேன். அதற்கும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே கல்லாவில் இருந்த அவர் வீட்டம்மா திரும்பிப் பார்த்தார். கார்டை எடுத்துக்கொண்டேன், சிடியை அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

டவுனில் தெரிந்த ரெக்கார்டிங் கடையில் பத்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். நாலைந்து தடவை கேட்டேன், தையல் தெரியவில்லை. இன்டர்நெட்டில் சொல்லி ஒரு வாரம் கழித்து வந்த புதுப் பிளேயரில் அதை ஏற்றி, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜம்மென்று தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் உட்கார்ந்து கேட்டாள். முதல் சரணத்தில் அவள் உதடு அசைந்தது. இரண்டாவதில் சிரித்தாள். பல மாதம் கழித்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். மூன்றாவது பல்லவியில் சிரிப்பு நின்றது. மறுபடி அந்த இடத்துக்குப் போய்க் கேட்டாள். இயர்போனைக் காதிலிருந்து கழற்றி மடியில் வைத்தாள். போனைத் தேடி எழுதவில்லை. அந்தக் காற்றுக் குரலிலேயே பேசினாள்.

"அண்ணே, இது நான் பாடுனது இல்ல."

நீதான், உன் குரல்தான் என்று உளறினேன்.

"மூணாவது பல்லவியில நான் மூச்சே எடுக்கல. அதுக்காக மூணு மாசம் பழகுனேன். இதுல நடுவுல மூச்சு எடுக்கேன்."

அவள் ஆயுசில் பாடிய பாட்டுகளிலேயே அவளுக்குப் பெருமையான இடம் எதுவோ, அதைத்தான் நான் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். மயில், வயல், ரெக்கார்டிங் கடை, கிழித்த சீட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் தலையை நிமிர்த்தவில்லை. மயில் ஓடியதா என்று கேட்டாள். இல்லை, வரத்தான் செய்தது என்றேன். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு, அந்த அண்ணாச்சி கொடுத்தது வேணும் என்றாள்.

கார்டிலிருந்த பழையதை ரெக்கார்டிங் கடையில் அழித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மறுநாள் காலையில் வண்ணார்பேட்டைக்குப் போனேன். என்னென்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எதற்கும் அவசியமில்லாமல் போயிற்று.

"வாரும். நானே கூப்பிடணும்னு இருந்தேன். பதினொண்ணு இல்ல வே, ஒன்பதுதான்."

எனக்கு விளங்கவில்லை. மேஜையில் நாலாவதாக ஒரு டிரைவ் இருந்தது. பழுப்பேறிய கிழட்டு டிரைவ். தென்காசியில் யாரோ தூக்கிப்போட வைத்திருந்த கம்ப்யூட்டரிலிருந்து கேட்டு வாங்கி வந்தாராம். நான் கோபித்துக்கொண்டு போன மறுநாளிலிருந்து எட்டு நாள் அதில் போட்டுப் படிக்க வைத்திருக்கிறார். இல்லாத பதினோரு வினாடியில் முதல் இரண்டு வினாடி கிடைத்துவிட்டது. நான் அத்தனை பேச்சு பேசிவிட்டுப் போயிருக்கிறேன். திரும்ப வருவேன் என்று எதை நம்பி இதைச் செய்தீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"நீரு வருவீரா மாட்டீரான்னு நான் யோசிக்கலையே. சிடி இங்கனதானே கிடந்துச்சு" என்றார்.

அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டேன். கார்டையும் புதுச் சீட்டையும் கொடுத்துவிட்டுச் சக்கரத்துப் பக்கம் திரும்பியவர், முதுகைக் காட்டியபடியே, உம்ம தங்கச்சி நல்லாப் பாடுதாங்க என்றார். அவர் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

தங்கச்சி முதலில் சீட்டை வாசித்தாள். பிறகு இயர்போனில் ஒரு பக்கத்தை அவள் மாட்டிக்கொண்டு இன்னொரு பக்கத்தை எனக்குத் தந்தாள். மூன்றாவது சரணம் முடிந்தது. அண்ணாச்சி மீட்டெடுத்த இரண்டு வினாடியில் பல்லவியின் முதல் சொல் கணீரென்று எழுந்தது. அதோடு நின்றது. ஒன்பது வினாடி ஒன்றும் இல்லாத இடம் தொடங்கியபோது, என் பக்கத்திலிருந்து, கரகரவென்று, காற்றும் சத்தமுமாக அவள் பாட ஆரம்பித்தாள். முதல் சொல்லில் சுருதியைப் பிடித்துக்கொண்டு அந்த நூலிலேயே போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள்கூடப் பயிற்சி செய்யாதவள். பாதி தூரம் போயிருப்பாள், மூச்சு அறுந்தது. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். மிச்ச வினாடிகள் சும்மா போயின. பிறகு அவளுடைய பழைய குரல் வந்து கடைசி வரியைப் பாடி முடித்தது.

நான் பிளேயரை அணைக்கக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடுண்ணே. பாதியில மூச்சை விட்டுட்டேன்."